டிஸ்சார்ஜுக்கும் வீட்டுக்கும் நடுவுல: சோழர் கல்வெட்டும் சத்திரமும் சொல்லித் தரும் ஐந்து கேள்விகள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல 65 வயசுக்கு மேல அப்பா, அம்மா, அப்பாயி, தாத்தா யாராவது இருந்தா பொறுமையா முழுசும் படிச்சிடுங்க.

டெல்டாவில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஒரு பெரியவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது கூட வந்தவங்க வழக்கமா ரெண்டு கேள்வி கேட்பாங்க.

"என்ன சாப்பாடு கொடுக்கலாம் டாக்டர்?"

"திரும்ப எப்போ கூட்டிட்டு வரணும்?"

ரெண்டும் நல்ல கேள்விதான். ஆனா மூணாவதா ஒன்னு இருக்கு. அதை அநேகமா யாரும் கேட்கிறதில்லை.

"இனிமே இவரை யார் பார்க்கிறது? எங்க வச்சுப் பார்க்கிறது?"

இந்தக் கேள்விக்கு விடை தெரியாம வீட்டுக்குப் போறவங்கதான் மூணாவது வாரம் படுக்கைப் புண்ணோட, காய்ச்சலோட, நினைவு தப்பி ஆம்புலன்ஸில் திரும்பி வர்றாங்க. தொடை எலும்பு ஆபரேஷன் அருமையா முடிஞ்சிருக்கும். ஆள் பிழைக்கலைன்னா அதுக்குக் காரணம் எலும்பா இருக்காது, இடுப்புல வந்த புண்ணா இருக்கும்.

இது இன்னைக்கு முளைச்ச பிரச்சனை இல்லை. நம்ம சோழ நாடு இதைப் பத்தி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்கு. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

*

நோயாளிக்கு அன்றைய சொல் "ஆதுலர்". அவர்களை வைத்துப் பார்க்கும் இடம் ஆதுலர் சாலை.

ராஜராஜனின் அக்கா குந்தவை, தன் தந்தை பெயரில் தஞ்சாவூரில் "சுந்தர சோழ விண்ணகர ஆதுலர் சாலை" நடத்தினார். அதன் மருத்துவருக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது.

இதைவிட விவரமான கல்வெட்டு ஒன்று டெல்டாவுக்கு வெளியே, காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்தில், சுமார் 1068இல் வெட்டியது. அதில் வீரசோழன் என்ற ஆதுலர் சாலையின் முழுக் கணக்கும் இருக்கிறது.

படுக்கை 15.

நாடி பார்த்து மருந்து கொடுக்க மருத்துவர் ஒருவர். அவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும்.

அறுவை செய்ய ஒருவர்.

மூலிகை, விறகு கொண்டுவர இருவர்.

மருந்து காய்ச்சிக் கொடுத்து நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர்.

முடி திருத்த ஒருவர். தண்ணீர் கொண்டுவர ஒருவர்.

படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு நாழி அரிசி.

இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு. அதற்கான எண்ணெய்ச் செலவு தனியாக.

இதுபோக ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்ப்பட்டியல்.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. வைத்தியர் ரெண்டே பேர்தான். மத்தவங்க எல்லாம் தண்ணி, சோறு, விறகு, விளக்கு, கவனிப்பு.

கவனிப்பும் ஒரு வேலை, அதுக்கு ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேணும்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. "வீட்டுப் பொம்பளைங்க பார்த்துக்குவாங்க"ன்னு விட்டுடலை.

ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. இந்த ஆதுலர் சாலை ஊருக்கெல்லாம் பொது இல்லை. அந்தக் கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரியது. வயல்ல குனிஞ்சு நாத்து நட்டவங்களுக்கு அதில் படுக்கை கிடைச்சிருக்காது. பழம்பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசணும்.

*

அடுத்து தஞ்சை மராத்தியர் காலம்.

இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்தவர். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர், தன்வந்திரி மகால் என்று மருத்துவத்துக்குத் தனி இடம் வைத்தவர் என்று நமக்குத் தெரியும். அவர் காலச் சத்திரங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ராமேஸ்வரம் போகும் பாதையில் தஞ்சை மராத்தியர் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் எல்லாம் அப்படி வந்தவை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க.

1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆட்சி அதிகாரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கோட்டையும் கொஞ்சம் சுற்றுப்புறமும்தான் மன்னருக்கு மிச்சம். அந்த நிலையில் 1801இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சத்திரங்களில் என்னென்ன தர்மம் நடக்கிறது என்று ஒவ்வொன்றாக விவரித்து, இவற்றைக் கெடுத்துவிடாதீர்கள், என் பொறுப்பிலேயே விடுங்கள் என்று கேட்கிற கடிதம்.

அதன்படி சத்திரத்தில் சாப்பாடு உண்டு, ஆசிரியர் உண்டு, வைத்தியரும் உண்டு.

வழிப்போக்கர் யாராவது நோயில் விழுந்தால் மருந்தும், அந்த நோய்க்கு ஏற்ற பத்திய உணவும் கொடுத்து, குணமாகும் வரை மரியாதையோடு வைத்துப் பார்ப்பார்கள்.

பிரசவ வேதனையில் வந்த பெண்ணுக்குச் செலவும் மருந்தும் கொடுத்து மூன்று மாதம் வரை தங்க அனுமதி.

இறந்துவிட்டால் அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கும் உண்டு.

"குணமாகும் வரை" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்க.

மருந்து கொடுத்ததோடு வேலை முடியலை. தேறி நடக்கிற வரைக்கும் தங்க ஓர் இடம். ஆஸ்பத்திரியும் இல்லை, வீடும் இல்லை, ரெண்டுக்கும் நடுவுல ஒன்னு. இன்னைக்கு மேல்நாட்டில் இதுக்குப் பெரிய பெரிய பெயர் வச்சுத் தனித்துறையா நடத்துறாங்க. நம்ம ஊர்ல அது சத்திரம்.

அங்கேயும் சாதிப் பிரிவு இருந்தது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனா படுத்தவரைத் தேறும் வரை பார்க்கிறது ஊர்ப் பொதுக் கடமை என்ற எண்ணம் இருந்தது.

1855இல் வாரிசு இல்லை என்று தஞ்சை அரசு முடிந்தது. சத்திரச் சொத்துகள் அரசு நிர்வாகத்துக்குப் போயின. இன்றும் மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திர நிர்வாகம் என்று ஒன்று உண்டு. கட்டடங்கள் சில விடுதியாகவும் வேறு உபயோகத்திலும் இருக்கின்றன. நோயாளி தேறும் வரை தங்கும் வழக்கம் மட்டும் நின்றுபோனது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சைக்குப் புது மாதிரி ஆஸ்பத்திரி வந்தது. ஊர் மிராசுதார்களின் கொடையை "ராசா மிராசுதார் மருத்துவமனை" என்ற பெயரே சொல்லும். 1959இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. எத்தனையோ லட்சம் உயிரைக் காப்பாற்றிய இடங்கள் இவை.

ஆனா ஆஸ்பத்திரி என்பதன் வேலை நோயைக் குணப்படுத்துவது. அது முடிஞ்சா படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்தாகணும். காத்திருக்கிற அடுத்த உயிரும் உயிர்தானே. அதனால டிஸ்சார்ஜ் என்பது ஒரு கோடு மாதிரி ஆகிடுச்சு. கோட்டுக்கு இந்தப் பக்கம் டாக்டர், நர்ஸ், எல்லாம். அந்தப் பக்கம் மகளோ மருமகளோ தனியா.

*

இங்கிலாந்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மார்ஜரி வாரன்.

1935இல் லண்டன் பக்கத்து வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு, பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதி மருத்துவப் பிரிவையும் சேர்த்தார்கள். அங்கே 714 பேர் நாள்பட்டுப் படுத்திருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். "இனி ஒன்னும் செய்யறதுக்கில்லை" என்று ஒதுக்கப்பட்டவர்கள்.

வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். யாருக்கு உண்மையிலேயே மருத்துவம் தேவை, யாருக்குப் பயிற்சி கொடுத்தால் நடப்பார், யாருக்கு ஒரு இல்லம் போதும், யார் வீட்டுக்கே போகலாம் என்று பிரித்தார். படுத்தவர்களை எழுப்பி உட்கார வைத்தார், நடக்க வைத்தார். பல பேர் வீடு திரும்பினார்கள்.

முதியோர் மருத்துவம் என்ற துறையே உலகத்தில் இப்படித்தான் பிறந்தது.

தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராசன். 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி ஓபி. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கே எம்.டி. படிப்பு. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை.

டெல்டா கிராமத்துக்கு இதைவிட நெருக்கமானது, 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது என்ற அளவில் பலருக்குத் தெரியும். இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபியும், படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்பு கவனிப்பும் அதே திட்டத்தில் வீடு தேடி வரும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே ஊர் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுங்க. "படுக்கையில இருக்கார்" என்று அழுத்திச் சொல்லுங்க.

*

சரி, வரலாறு போதும். எங்க அம்மாவை நான் எங்க வச்சுப் பார்க்கிறதுன்னு கேட்கிறீங்க.

திருமுக்கூடல் பட்டியலையே எடுத்துக்கலாம். ஐந்து கேள்வி.

1. தண்ணி: குளிக்க, கழுவ, கக்கூஸ் போக யார் உதவி? கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருந்தா ராத்திரி எப்படிப் போவாங்க?

2. சோறு: அவங்களே எடுத்துச் சாப்பிடுவாங்களா, ஊட்டணுமா, மூக்குக் குழாயா?

3. மருந்து: எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, யார் கையால? இன்சுலின் யார் போடுறது?

4. கை: தூக்கி உட்கார வைக்க, திருப்பிப் படுக்க வைக்க எத்தனை பேர்? பகல்ல அவங்க வீட்டுல இருப்பாங்களா?

5. விளக்கு: ராத்திரி முழிச்சிருக்கிறது யார்? இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் மறப்போம். பெரியவங்க கீழே விழுறதும், குழம்பிப்போய்க் குழாயைப் பிடுங்குறதும் ராத்திரியில்தான் அதிகம்.

அஞ்சுக்கும் ஒரு பேப்பர்ல பெயர் எழுதுங்க. "எல்லாரும் சேர்ந்து பார்த்துப்போம்" என்று எழுதக் கூடாது. ஆள் பெயர்.

அஞ்சு இடத்திலும் ஒரே பெண்ணின் பெயர் வந்தா அந்த ஏற்பாடு ஒரு மாசத்துக்கு மேல தாங்காது. அவங்களும் நோயாளி ஆயிடுவாங்க. சோழர் கணக்கிலேயே 15 படுக்கைக்கு ரெண்டு பெண்கள், கூடவே தண்ணிக்கு, விறகுக்கு, மூலிகைக்குத் தனி ஆள். உங்க வீட்டுல ஒரே பொண்ணு சமைச்சு, துவைச்சு, நூறு நாள் வேலைக்கும் போய்ட்டு வந்து பெரியவரையும் தூக்கணும்னா எப்படி முடியும்?

இப்போ இடம்.

வீடு: கைத்தாங்கலா எழுந்து நடக்கிறவர், வாயால சாப்பிடுறவர், பகலும் ராத்திரியும் ஒருத்தர் கூட இருக்க முடியும்னா வீடுதான் முதல் தேர்வு. பழகின இடத்தில் மனக்குழப்பம் குறையும். கக்கூஸ் தூரம்னா கமோடு நாற்காலி ஒன்னு வாங்குங்க. வழுக்குற தரைக்கு ரப்பர் மேட் போடுங்க. தொய்ஞ்ச கயித்துக் கட்டில் வேண்டாம், எழுந்திருக்கவும் கஷ்டம், புண்ணும் வரும்.

வீடும் சம்பளத்துக்கு ஆளும்: பிள்ளைங்க திருப்பூர், சென்னை, சிங்கப்பூர்னு இருக்கிற வீடு நம்ம பக்கம் ஏராளம். ஏஜென்சி மூலமா வர்றவங்க எல்லாரும் நர்சிங் படிச்சவங்க இல்லை. குழாய் உணவு, ஊசி, புண்ணுக்கு மருந்து கட்டுறது தேவைன்னா அவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க. டிஸ்சார்ஜுக்கு ஒரு நாள் முன்னாடியே வார்டுக்கு வரச் சொல்லுங்க. எங்க சிஸ்டர்ஸ் செய்து காட்டுவாங்க, அவங்க செய்து பார்க்கட்டும்.

இன்னும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி: பெரிய ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சிருக்கும், ஆனா வீட்டுல வச்சுப் பார்க்கிற நிலை இன்னும் வந்திருக்காது. அப்போ "எங்க ஊர் தாலுகா மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்க. நாள்கணக்கில் பிசியோதெரபியும் டிரெஸ்ஸிங்கும் அங்கே முடியும். இன்னைக்கு நம்ம கிட்ட இருக்கிற சத்திரம் கிட்டத்தட்ட இதுதான். கேட்கிறதுல வெட்கம் எதுக்கு?

முதியோர் இல்லம்: இங்கேதான் ஏமாற்றம் அதிகம். பல இல்லங்கள் நடமாடுறவர்களை மட்டும்தான் சேர்க்கும். படுத்தவரைச் சேர்க்கிற இடம்னா, ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், நர்ஸ் உண்டா, உடம்பு முடியலைன்னா எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்க, அரசுப் பதிவு இருக்கான்னு கேளுங்க. சொல்லாம கொள்ளாம சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பாருங்க. படுத்திருக்கிறவங்க வாய் காய்ஞ்சிருக்கா, நகம் வெட்டியிருக்கா, மூத்திர வாடை அடிக்குதா? வரவேற்பறையைவிட இது நிறைய சொல்லும்.

வலி தணிப்பு கவனிப்பு: முற்றிய புற்றுநோய், மீள முடியாத பக்கவாதம் மாதிரி நிலையில் திரும்பத் திரும்ப ஐசியூவுக்கு ஓடுறது பல நேரம் பெரியவருக்குச் செய்யும் நல்லது இல்லை. வலி இல்லாம, புண் இல்லாம, சொந்தங்கள் முகம் பார்த்து இருக்க வைக்கிறதும் மருத்துவம்தான். டாக்டரிடம் நேரா கேளுங்க: "தேறி வருவாரா, இல்லை நிம்மதியா வச்சுக்கணுமா?" பதில் சொல்ல வேண்டியது எங்க கடமை.

*

நம்ம மண்ணுக்கே உரிய மூணு விஷயம்.

ஒன்னு, பருவம். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணி வந்துட்டா குறுவை, அப்புறம் சம்பா நடவு, தை மாசம் அறுவடை. அந்த வாரங்களில் வீட்டுல பகல்ல ஆளே இருக்காது. அப்போ யார் முறைன்னு முன்கூட்டியே பேசிடுங்க.

ரெண்டு, மழையும் புயலும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்ல வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டுல ஆக்சிஜன் மிஷின், காற்று மெத்தை வச்சிருக்கிறவங்க ஐப்பசி பிறக்கும் முன்னாடியே மாற்று ஏற்பாடு, ஒரு மாச மாத்திரை, பக்கத்து ஆஸ்பத்திரி நம்பர் வச்சுக்கணும்.

மூணு, காசு. முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் முதல் 1200 ரூபாய். வாங்காதவங்க விண்ணப்பிங்க. ஆனா டயப்பர் செலவுக்கே அது பத்தாது. அதனால அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லாரும் உட்கார்ந்து யார் பணம், யார் உழைப்புன்னு பேசுங்க. பணம் அனுப்புறவர் பெரியவர், பக்கத்தில் இருந்து மலம் அள்ளுறவர் சின்னவர் என்ற எண்ணம் வேண்டாம். சொத்தை எழுதி வாங்கிட்டுக் கைவிட்டாங்கன்னா 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கு. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். உதவிக்கு 14567.

*

2013இல் ஹார்லன் குரும்ஹோல்ஸ் என்ற அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஒன்றைக் கவனித்து எழுதினார். அங்கே அரசுக் காப்பீட்டில் உள்ள முதியோரில் ஐந்தில் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் மறுபடி சேர்கிறார். பல பேர் பழைய நோய்க்காக வரவில்லை, புது நோயோடு வருகிறார்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, படுத்தே கிடந்து தசை கரைந்த உடம்பு, சின்ன அடியையும் தாங்காது.

அதனால முதல் 30 நாள் கண்ணும் கருத்துமா இருங்க.

படுத்தவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புங்க. இடுப்பு, குதிகால் சிவந்திருக்கான்னு தினமும் பாருங்க.

உட்கார வச்சுத்தான் ஊட்டணும். ஊட்டின அரை மணி நேரத்துக்குப் படுக்க வைக்காதீங்க.

பழைய மாத்திரை, புது மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டு வாங்க. ஒரே மருந்து ரெண்டு பெயர்ல ஓடுறது சகஜம்.

சரியா சாப்பிடாதவருக்குப் பழைய அளவு இன்சுலின் போடாதீங்க, அளவை டாக்டரிடம் கேளுங்க.

யூரின் குழாய் போட்டிருந்தா என்னைக்கு மாத்தணும், என்னைக்கு எடுக்கணும்னு டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதி வாங்குங்க.

திடீர்னு குழப்பமா பேசுறது, பகலெல்லாம் தூங்குறது, மூச்சு வாங்குறது, சிறுநீர் குறையுறது, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குறது: இதுல எது வந்தாலும் "வயசாயிடுச்சு"ன்னு விடாதீங்க. 108 கூப்பிடுங்க.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 தாண்டியவர். இப்போ இன்னும் கூடியிருக்கும். பிள்ளைகள் ஒன்னு ரெண்டு, அவங்களும் வெளியூர். ஊருக்கு ஊர் சத்திரம் வச்சிருந்த மண்ணில், தேறும் வரை தங்க ஒவ்வொரு தாலுகாவிலும் பத்துப் பதினைந்து படுக்கை கேட்கிறது பேராசை இல்லை. கிராம சபையில் கேளுங்க, ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட கேளுங்க.

அது வர்ற வரைக்கும், அடுத்த தடவை உங்க வீட்டுப் பெரியவருக்கு டிஸ்சார்ஜ் சொன்னா அவசரப்பட்டு ஆட்டோ கூப்பிடாதீங்க. அந்த அஞ்சு பெயரை எழுதி எடுத்துட்டு வார்டு டாக்டர்கிட்ட வாங்க. எந்த இடத்தில் பெயர் இல்லையோ அதைச் சொல்லுங்க. சேர்ந்து யோசிப்போம்.

பெரியவர்களைப் பார்த்துக்கிட்டிருக்கிற அத்தனை மகள், மருமகள், மகன், பேரப்பிள்ளைகளுக்கும் வணக்கம். ராத்திரி கொஞ்சம் தூங்குங்க. முறை மாத்திக்கங்க.